லட்சத்தில் ஒரு தடவை

டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் சின்ன வெங்காயம் கிடைக்கும். முருங்கைக்காய், வாழையிலை, கறிவேப்பிலை, இட்லி அரிசி, நேந்திரங்காய் சிப்ஸ், மீன் எல்லாம் கிடைக்கும். தலைநகரில் குடியிருக்கும் தென்னாட்டுக்காரர்களுக்கு அது ஊர்ச் சந்தை. மடிக்கணினிக்கு ரேம் வேண்டுமென்றால் மட்டும் அங்கிருந்து கிளம்பியாக வேண்டும். மெட்ரோ நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. இளஞ்சிவப்புத் தடத்தில் ஏறி, சவுத் எக்ஸ்டென்ஷனைத் தாண்டி லாஜ்பத் நகரில் ஊதாத் தடத்துக்கு மாறினால் மூல்சந்த், கைலாஷ் காலனி, அதற்கடுத்தது நேரு பிளேஸ். சென்னையில் கணினிப் பொருள்களுக்கு ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் டெல்லிக்கு வந்தால் தேடிப் போகும் இடம் அது. படிக்கவோ போட்டித் தேர்வுக்குத் தயாராகவோ ஊரிலிருந்து வந்த பிள்ளைகள் ஒரே சனிக்கிழமையில் இரண்டு இடத்து வேலையையும் முடித்துவிடலாம்.

“லேப்டாப் ரொம்ப ஹேங் ஆகுது, ரேம் போட்டா சரியாகுமா?” என்ற கேள்வியோடுதான் பெரும்பாலோர் நேரு பிளேஸ் படியேறுகிறார்கள். ஆகும் என்று கடையில் சொல்வார்கள். நண்பர்களில் பாதிப் பேர் ஆகும் என்பார்கள், மீதிப் பேர் காசுக்குப் பிடித்த கேடு என்பார்கள். வியப்பு என்னவென்றால் எல்லோரும் தம் கணினியில் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஒரு கணினியில் ரேம் போட்டதும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு தெரிகிறது. அதே விலைக்கு அதே ரேமை வாங்கி இன்னொன்றில் போட்டால் எதுவுமே மாறவில்லை. ஏன் இப்படி என்பதற்குத் தெளிவான கணக்கு இருக்கிறது. மாதச் செலவை எண்ணி எண்ணிச் செய்யும் ஒரு மாணவருக்கு அந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ரேம் எதையும் கணக்கிடுவதில்லை. கணக்கிடுவது செயலி. செயலிக்கு வேண்டிய தரவையும் நிரல் வரிகளையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பதுதான் ரேமின் வேலை. இன்று எல்லாக் கணினிகளிலும் இருக்கும் டிராம் என்ற வகையை ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ராபர்ட் டென்னார்டு 1966-இல் கண்டுபிடித்தார். 1968-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மிகச்சிறிய மின்தேக்கி, அதில் மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழி. அவ்வளவுதான் அமைப்பு. அந்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால் பொதுவாக 64 மில்லிநொடிக்குள் ஒருமுறை ஒவ்வொரு வரிசையையும் படித்துத் திரும்ப எழுத வேண்டும். மின்சாரம் போனால் எல்லாம் போச்சு. ஆகவே நிலையாக இருக்க வேண்டியவை ஹார்ட் டிஸ்கிலோ எஸ்எஸ்டியிலோ இருக்கின்றன. வேலை நடக்கும்போது மட்டும் ரேமுக்கு வருகின்றன.

இந்த மூன்றுக்கும் நடுவிலுள்ள வேக இடைவெளி நம் மனத்தில் எளிதில் பதியாதது. ரேமிலிருந்து ஒரு தரவை எடுக்க ஏறத்தாழ 100 நானோநொடி ஆகிறது. எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க 100 மைக்ரோநொடி அளவில் ஆகிறது, அதாவது ஆயிரம் மடங்கு. சுழலும் ஹார்ட் டிஸ்கில் தலை நகர்ந்து, தட்டு சுற்றி உரிய இடம் வர 10 மில்லிநொடி வரை ஆகலாம். அது ரேமைப் போல லட்சம் மடங்கு. ஒரு டெல்லிச் சமையலறையை எண்ணிக்கொள்ளுங்கள். அடுப்பு மேடையில் இருக்கும் டப்பாவை எடுக்க ஒரு நொடி ஆகிறது என்றால், அதுதான் ரேம். எஸ்எஸ்டியில் இருப்பதை எடுப்பது வீட்டிலிருந்து ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் வாங்கி வருவது: சுமார் 17 நிமிடம். ஹார்ட் டிஸ்கில் இருப்பதை எடுக்க ஏறத்தாழ 28 மணி நேரம் ஆகும். புதுடெல்லியில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறியவர் அந்நேரம் இன்னும் ஆந்திரத்துக்குள்தான் ஓடிக்கொண்டிருப்பார், சென்னையை எட்டியிருக்க மாட்டார். அடுப்பை எரியவிட்டுக்கொண்டு ஒரு கொத்து கறிவேப்பிலைக்காக அப்படிப் போவதைத்தான் ரேம் போதாத கணினி நாள் முழுக்கச் செய்கிறது.

ரேம் போதாவிட்டால் கணினி ஏன் நின்றுவிடுவதில்லை? மெய்நிகர் நினைவகம் என்ற ஏற்பாடு இருப்பதால்தான். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் குழுவினர் கட்டி, 1962 டிசம்பரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில் அது முதலில் வந்தது. ரேமில் இடம் தீர்ந்ததும் இயங்குதளம் தற்போது தொடப்படாத பக்கங்களை வட்டில் ஒதுக்கிய ஓர் இடத்துக்கு நகர்த்திவிடும். அந்தப் பக்கம் மறுபடி தேவைப்படும்போது செயலி கேட்கும், ரேமில் இருக்காது, வட்டுக்குப் போய் எடுத்து வர வேண்டும். இதற்குப் பேஜ் ஃபால்ட் என்று பெயர். நிரலுக்கு இது எதுவும் தெரியாது. இல்லாத ரேமை இருப்பதாகவே எண்ணி ஓடும். காத்திருப்பது திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நாம்தான்.

இப்போது கணக்கைப் பார்க்கலாம். எளிமைக்காக, செயலிக்குள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகத்தை விட்டுவிடுகிறேன். ரேமை லட்சம் தடவை தொட்டால் அதில் ஒரே ஒரு தடவை மட்டும் தரவு ரேமில் இல்லாமல் ஹார்ட் டிஸ்குக்குப் போக நேர்கிறது என்று கொள்வோம். லட்சத்தில் ஒன்று மிகவும் அற்பமாகத் தோன்றும். ஆனால் அந்த ஒரு தடவைக்கு 10 மில்லிநொடி. அதை லட்சம் தடவைக்கும் பங்கிட்டால் ஒவ்வொன்றின் தலையிலும் 100 நானோநொடி ஏறுகிறது. ரேமுக்கு ஆகும் நேரமே 100 நானோநொடி. ஆக, லட்சத்தில் ஒரு தவறுதல் கணினியின் வேகத்தைப் பாதியாக்கிவிடுகிறது! ஆயிரத்தில் ஒன்று என்றால் நூறு மடங்கு மந்தம். அந்த நிலையில் சுட்டி நகர்வதே தெரியாது, வட்டு மட்டும் கரகரவென்று உருண்டுகொண்டிருக்கும். அதே ஆயிரத்தில் ஒன்று எஸ்எஸ்டி உள்ள கணினியில் நடந்தால் வேகம் பாதியாகும். லட்சத்தில் ஒன்று என்றால் எஸ்எஸ்டியில் இழப்பு நூற்றுக்கு ஒன்றுதான், யாருக்கும் தெரியாது.

ரேம் போட்டவர்கள் ஏன் நேரெதிராகப் பேசுகிறார்கள் என்பதற்கு விடை இந்த நாலு எண்களில் இருக்கிறது. தவறுதல் நடந்துகொண்டிருந்த கணினியில், அதுவும் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில், ரேம் கூடியதும் அந்த நூறு மடங்கு மந்தம் அப்படியே மறைகிறது. தவறுதலே நடக்காத கணினியில் மறைவதற்கு ஒன்றும் இல்லை. கூடுதல் ரேம் கணினியை வேகமாக்குவதில்லை, காத்திருப்பை நீக்குகிறது. காத்திருப்பு இல்லாத இடத்தில் அது சும்மா கிடக்கும்.

இந்த வீழ்ச்சி படிப்படியாக வராமல் பாறை விளிம்பிலிருந்து விழுவதுபோல் ஏன் திடீரென வருகிறது என்பதை விளக்கியவர் பீட்டர் டென்னிங். எந்த நிரலும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் தன் பக்கங்களில் ஒரு பகுதியைத்தான் திரும்பத் திரும்பத் தொடுகிறது. அந்தப் பகுதிக்கு அவர் 1968-இல் ‘வொர்க்கிங் செட்’ என்று பெயரிட்டார். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் எல்லாவற்றின் வொர்க்கிங் செட்டும் சேர்ந்து ரேமுக்குள் அடங்கும் வரை எல்லாம் நலம். சற்றே வெளியே வழிந்தால், ஒன்றுக்கு இடம் கொடுக்க இன்னொன்றைத் தள்ள வேண்டும், தள்ளியது உடனே திரும்பக் கேட்கப்படும், அதற்காக மூன்றாவதைத் தள்ள வேண்டும். செயலி வேலை செய்வதை விட்டுவிட்டுப் பக்கங்களை இடம் மாற்றுவதிலேயே பொழுதைக் கழிக்கும். இதை ‘திராஷிங்’ என்பார்கள். இருபது டேப் வரை ஒழுங்காக ஓடிய பிரௌசர் இருபத்தொன்றாவதில் படுத்துவிடுவது இதனால்தான். விண்டோஸ் 10, மேக் கணினிகள் போன்றவை வட்டுக்கு அனுப்பும் முன் பக்கங்களை ரேமுக்குள்ளேயே சுருக்கி வைத்துப் பார்க்கின்றன. அது விளிம்பைச் சற்றுத் தள்ளிப்போடும், இல்லாமல் ஆக்காது.

நம் ஊர்க் கணினிகளிலேயே இதைப் பார்க்கலாம். 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்த தொடக்கக் காலக் கணினிகளில் 2 ஜிபி ரேமும் 320 ஜிபி ஹார்ட் டிஸ்கும் இருந்தன. இயங்குதளங்கள் இரண்டு: விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். இதில் ஸ்டார்ட்டர் பதிப்புக்கு மைக்ரோசாப்ட் வைத்த உச்ச வரம்பே 2 ஜிபி. அந்தக் கணினியின் அடிமூடியைக் கழற்றி இன்னொரு 2 ஜிபி ஸ்டிக்கைப் போட்டால் அது பொருந்தும், கணினியும் கிளம்பும், ஆனால் விண்டோஸ் பழைய 2 ஜிபியை மட்டுமே பயன்படுத்தும். செலவழித்தவருக்குக் கடுகளவும் வேறுபாடு தெரியாது. பாஸ் லினக்ஸுக்கு அப்படி ஒரு உரிம வரம்பு கிடையாது. வன்பொருள் ஒன்றே, எந்த இயங்குதளத்தில் ஏறுகிறோம் என்பதைப் பொறுத்து புதிய ஸ்டிக் பயன்படும் அல்லது வெறுமனே செருகியிருக்கும். சாதாரணக் குடும்பத்துப் பிள்ளையின் கைக்கு முதல்முறையாக வரும் கணினியில் இப்படி ஒரு வரம்பு ஒளிந்திருந்தது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

ஸ்டார்ட்டர் பதிப்பு என்றில்லை, வீட்டுக் கணினிகளில் ஓடும் பழைய 32 பிட் விண்டோஸ் எதுவானாலும் ஓர் எல்லை உண்டு. 32 பிட்டில் எழுதக்கூடிய முகவரிகள் சுமார் 429 கோடி. ஆகவே 4 ஜிபிக்கு மேல் எட்டாது, அதிலும் மற்றக் கருவிகளுக்கான முகவரிகள் போக மிஞ்சுவது மூன்று, மூன்றரை ஜிபிதான். பழைய கணினிக்கு ரேம் வாங்கப் போகிறவர் முதலில் இயங்குதளம் 64 பிட்டா என்று பார்த்துவிட வேண்டும்.

பின்னாளில் அரசு கொடுத்த மடிக்கணினிகளில் 4 ஜிபி வந்தது, ஆனால் வட்டு இன்னும் சுழலும் வட்டுதான். அவை இன்றும் பல வீடுகளில் ஓடுகின்றன. இந்த வகைக் கணினிக்கு ஒன்று மட்டும் வாங்கக் காசு இருக்கிறது என்றால் முதலில் எஸ்எஸ்டி வாங்குங்கள் என்பேன். கணினி கிளம்புவது, நிரல் திறப்பது, கோப்பு தேடுவது எல்லாம் வட்டிலிருந்து முதல்முறை படிக்கும் வேலைகள். எவ்வளவு ரேம் இருந்தாலும் அந்த முதல் படிப்பு குறையாது. எஸ்எஸ்டி அதைக் குறைக்கிறது. கூடவே, ரேம் வழிந்தாலும் தண்டனையை நூறில் ஒரு பங்காக்குகிறது. அதன் பிறகு காசு சேர்ந்ததும் 4 ஜிபியை 8 ஆக்கினால் அந்தக் கணினி இன்னும் சில ஆண்டுகள் ஓடும். இரண்டையும் சேர்த்துச் செய்து பழைய கணினியைப் பிழைக்க வைத்தவர்களின் மகிழ்ச்சி முழுக்க நியாயமானது. 2025-இல் கல்லூரி மாணவர்களுக்காக எல்காட் கோரிய கணினிகளில் 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் இருக்க வேண்டும் என்று கேட்டது எனக்கு நிறைவு தந்தது.

8 ஜிபியும் எஸ்எஸ்டியும் உள்ளவர் 16-க்குப் போகலாமா? பிடிஎஃப் படிப்பது, வேர்டில் கட்டுரை எழுதுவது, பத்துப் பன்னிரண்டு டேப், ஒரு இணைய வகுப்பு, இவ்வளவுதான் வேலை என்றால் பெரும்பாலும் வேறுபாடு தெரியாது. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை எமுலேட்டரோடு ஓட்டுகிறவருக்கு 16 வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. வீடியோ எடிட்டிங் செய்கிறவருக்கும், கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டுகிறவருக்கும், பெரிய தரவுத் தொகுப்பைத் திறந்து வைப்பவருக்கும் நன்றாகவே தெரியும். பிரௌசரே இன்று பெருந்தீனிக்காரன். 2018-இல் ஸ்பெக்டர் என்ற செயலிக் குறைபாடு வெளிவந்த பிறகு, குரோம் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிச் செயல்பாடாகப் பிரித்து ஓட்டத் தொடங்கியது. அதனால் ரேம் தேவை 10 முதல் 13 சதவீதம் கூடும் என்று கூகுள் அப்போதே அறிவித்தது. பாதுகாப்புக்காகக் கொடுத்த விலை அது. கொடுக்க வேண்டிய விலைதான்.

உங்கள் கணினி எந்தப் பக்கம் என்பதை ஊகிக்கத் தேவையில்லை, பார்த்துவிடலாம். வழக்கமாகச் செய்யும் வேலை எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு, கணினி இழுக்கத் தொடங்கும் அந்த நேரத்தில் விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். மெமரி தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் நிற்கிறதா, அதே நேரத்தில் டிஸ்க் நூறைத் தொடுகிறதா? ரிசோர்ஸ் மானிட்டரில் ஹார்ட் ஃபால்ட்ஸ் என்ற கோடு இருக்கிறது. நிரல் திறக்கும்போது அது சற்று எழுந்து அடங்குவது இயல்பு, வேலை நடக்கும்போதெல்லாம் எழுந்தே நின்றால் ரேம் போதவில்லை. லினக்ஸில் விஎம்ஸ்டாட் கட்டளை கொடுத்து எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரண்டு பத்திகளைப் பாருங்கள். தொடர்ந்து சுழியாக இருந்தால் ரேம் போதுமானது. மேக்கில் மெமரி பிரஷர் என்ற வரைபடம் பச்சையிலிருந்து மஞ்சளுக்கும் சிவப்புக்கும் மாறும். மெமரியும் டிஸ்கும் அமைதியாக இருக்க, செயலி மட்டும் நூறில் நிற்கிறது என்றால் புதிய ரேம் எதையும் மாற்றாது. தூசி அடைத்த விசிறியாலோ காய்ந்த தெர்மல் பேஸ்டாலோ சூடேறி, செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கலாம். டெல்லி வெயிலிலும் புழுதியிலும் இது சகஜம்.

எழுபது சதவீத ரேம் பயன்பாட்டில் இருக்கிறதே என்று பதறுகிறவர்கள் உண்டு. அதில் பதற ஒன்றுமில்லை. சும்மா கிடக்கும் ரேமில் அண்மையில் படித்த கோப்புகளை இயங்குதளம் சேர்த்து வைத்துக்கொள்கிறது. வேறு நிரல் இடம் கேட்டால் அந்த நொடியே விட்டுக்கொடுத்துவிடும்.

கொள்ளளவைத் தாண்டி இன்னொரு பயன் உண்டு, அதைக் கடைகளில் விளக்கிச் சொல்வதில்லை. பல மடிக்கணினிகள் இரண்டு ஸ்லாட்டில் ஒன்றை மட்டும் நிரப்பி விற்கப்படுகின்றன. டிடிஆர்4-3200 வகை ஸ்டிக் ஒன்று நொடிக்கு 25.6 ஜிகாபைட் வரை கொண்டுபோகும். இரண்டு ஸ்டிக் ஜோடியாக ஓடினால் 51.2. எழுத்து வேலைக்கு இது தெரியாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் செயலிக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸை நம்பி விளையாடுகிறவர்களுக்கு மிக நன்றாகத் தெரியும், ஏனென்றால் அந்தக் கிராபிக்ஸுக்கும் இதே ரேம்தான் உணவு.

அண்மைக் காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கும் வாய்ப்பே பலருக்கு இல்லாமல் போகிறது. மெல்லிய கணினிகளில் ரேமைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். மின்சாரம் மிச்சமாகிறது, இடமும் மிச்சமாகிறது என்பது உண்மை. ஆனால் வாங்கும் அன்று எடுத்த முடிவுதான் கடைசி வரை. 2023-இல் ஆப்பிள் தன் 8 ஜிபி மற்றவர்களின் 16-க்கு நிகரானது என்று சொல்லிப் பார்த்தது. அடுத்த ஆண்டே தன் மேக்குகளில் 16-ஐத் தொடக்க அளவாக்கியது. வொர்க்கிங் செட் வழிந்தால் எந்த நிறுவனத்தின் 8 ஜிபியும் 8 ஜிபிதான். பற்றவைத்த ரேம் உள்ள கணினி வாங்குகிறவர் இன்றைய தேவைக்கு மேல் ஒரு படி கூடுதலாக வாங்குவது சரி என்பது என் எண்ணம்.

விலையும் இப்போது சாதகமாக இல்லை. உலக டிராமில் பெரும்பங்கைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டு போவதால் 2025-இன் பிற்பகுதியில் விலை வேகமாக ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான், நம் கடைகளில் பழகிய குரூசியல் என்ற தன் நுகர்வோர் பெயரையே கைவிடப் போவதாக அறிவித்தது. குஜராத்தின் சனந்தில் அந்நிறுவனம் அமைத்த ஆலை சில்லுகளைப் பொதித்துச் சோதிக்கும் ஆலை. அதனால் நேரு பிளேஸ் விலை உடனே இறங்கிவிடாது.

எனவே அலுவலகங்கள் கழித்துவிட்ட மடிக்கணினிகளிலிருந்து எடுத்த பழைய ஸ்டிக்குகளை நாடுகிறவர்கள் கூடியிருப்பார்கள். அதில் தவறில்லை, டிராம் எளிதில் தேய்கிற பொருள் அல்ல. ஆனால் வகை பொருந்த வேண்டும்: மடிக்கணினி ஸ்டிக்குகளில் டிடிஆர்3-க்கு 204 முனைகள், டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. வெட்டும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றதில் ஏறாது, அழுத்திப் பார்க்கக் கூடாது. டிடிஆர்3-இல் மட்டும் ஒரு சிக்கல்: 1.5 வோல்ட் வகையும் 1.35 வோல்ட் வகையும் ஒரே தோற்றத்தில் இருக்கும், பிந்தையதை மட்டுமே ஏற்கும் கணினிகள் உண்டு. கணினி அதிகபட்சம் எவ்வளவு ஏற்கும், காலி ஸ்லாட் இருக்கிறதா என்பதை மாடல் எண்ணைக் கொண்டு முன்பே பார்த்துக்கொண்டு போக வேண்டும். கடையிலேயே பொருத்தி, பயாஸில் முழு அளவும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் மெம்டெஸ்ட்86+ என்ற இலவச நிரலைப் பென் டிரைவில் ஏற்றி ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ஸ்டிக் வேண்டாம். பழுதான ரேமில் புரண்ட ஒரு பிட், நீங்கள் சேமிக்கும் கோப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆய்வேடோ ஊர்ப் படங்களோ கெட்டுப்போனது பல மாதம் கழித்துத் திறக்கும்போதுதான் தெரியும்.